எலுமிச்சையை வைத்து போன் சார்ஜ் போட முடியுமா?

பிப்ரவரி 3, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஒரு எலுமிச்சையில் துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் குத்தினால் 0.9 வோல்ட் வருகிறது. ஆறு பழத்தைத் தொடராக இணைத்தேன். மல்டிமீட்டர் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. போன் சார்ஜரும் 5 வோல்ட்தானே? அப்புறம் ஏன் போன் கண்டுகொள்ளவே இல்லை? கம்பியில் கோளாறா, பழத்தில் கோளாறா?"

கம்பியும் சரி, பழமும் சரி. மீட்டரை நம்பியதுதான் சிக்கல். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகாஓம். அதாவது அது பழத்திடம் கரண்ட் எதுவும் கேட்பதே இல்லை. கேட்காதவரிடம் எல்லாரும் பணக்காரர்தான். போன் அப்படி இல்லை, கேட்கும். 5 வோல்ட்டில் 1 ஆம்பியர், அதாவது 5 வாட், கேட்கும். இப்போதைய வேக சார்ஜர் கணக்கெல்லாம் இதற்கும் மேலே.

பிப்ரவரி 3, இரவு

"கரண்ட் எவ்வளவு குறைவு என்று சொல்லுங்கள், சும்மா குறைவு என்றால் எப்படி" என்று கேட்டிருக்கிறார். நியாயம்.

பழத்தின் இரு முனைகளுக்கும் நடுவே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 0.9 வோல்ட் ஏறக்குறைய பாதியாக விழும். பாதியாக விழுந்தால் பழத்தின் அக மின்தடையும் அந்த 1,000 ஓம் அளவுதான் என்று பொருள். தகடு சிறியதாக இருந்தால், ஆணியும் கம்பியும் மட்டும் என்றால், இன்னும் மோசமாக இருக்கும்.

அந்த நிலையில் பழம் தருவது 0.45 வோல்ட், 0.45 மில்லிஆம்பியர். பெருக்கினால் 0.2 மில்லிவாட். இதுதான் ஒரு எலுமிச்சையிடமிருந்து பிடுங்கக்கூடிய உச்ச சக்தி. ரெசிஸ்டரை மாற்றினால் வோல்ட் கூடும், கரண்ட் குறையும், அல்லது நேர்மாறாக. பெருக்குத்தொகை இதைத் தாண்டாது.

5 வாட் வேண்டும் என்றால் 25,000 எலுமிச்சை. பதினொன்று பதினொன்றாகத் தொடரில் கட்டி, அப்படி 2,200 வரிசைகளைப் பக்கம் பக்கமாக இணைக்க வேண்டும்.

பிப்ரவரி 4

"அவசரம் இல்லை, மெதுவாக ஏறட்டும். ஒரே பழம், ஆனால் பொறுமை" என்று ஒருவர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன் பேட்டரி ஏறக்குறைய 15 வாட்-மணி. 0.2 மில்லிவாட்டில் அது நிறைய 75,000 மணி நேரம். எட்டரை வருடம். அதற்குள் பழத்துக்கு என்ன ஆகும் என்பதை விடுங்கள், போனுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் நின்றுபோயிருக்கும்.

அதுவும் நடக்காது. போன் சும்மா கிடந்தாலே பத்து மில்லிவாட்டுக்கு மேல் தின்கிறது. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விடுவது மாதிரி.

பிப்ரவரி 4, பிற்பகல்

என் பங்குக்கு ஒன்று. உறவுக்காரப் பெண்ணின் பள்ளிக் கண்காட்சிக்காக இதே வேலையைச் செய்திருக்கிறேன். பழைய சார்ஜர் ஒயரை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் பழ வரிசையில் மாட்டினோம். போனில் சார்ஜ் அடையாளம் வந்ததும் அந்தப் பெண் கத்தினாள். அடுத்த நொடி போய்விட்டது. மறுபடி வந்தது, போனது. கண் சிமிட்டுகிற மாதிரி.

ஏன் என்று அப்புறம் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப், ஒயரில் போதுமான வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இருக்கிறது என்றதும் கரண்டை இழுக்கிறது. இழுத்த கணமே பழங்களின் வோல்ட் சரிகிறது. சிப் கையை விடுகிறது. விட்டதும் வோல்ட் மேலே வருகிறது. மறுபடி ஆசை காட்டுகிறது. இணையத்தில் வரும் சில வீடியோக்களில் அந்த அடையாளம் தெரியும் ஒரு நொடியை மட்டும் வெட்டிக் காட்டுவார்கள். அடையாளம் வந்ததா என்று பார்க்காதீர்கள், அரை மணி கழித்து சதவீதம் ஏறியதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 5

0.2 மில்லிவாட் கணக்கு எலுமிச்சைக்குச் சாதகமாகப் போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது முதல் சில நிமிடக் கணக்கு. செம்பின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் படிய ஆரம்பித்ததும் கரண்ட் இறங்கும். தகட்டை வெளியே எடுத்துத் துடைத்துக் குத்தினால் கொஞ்சம் மீளும், மறுபடி இறங்கும். 25,000 என்பது குறைந்தபட்சம்.

பிப்ரவரி 5, மாலை

"ஒரே பழத்தில் நாலு ஜோடித் தகடு குத்தினால் நாலு மடங்கு வோல்ட் கிடைக்குமா?" கிடைக்காது. எல்லாம் ஒரே சாற்றில் நிற்கின்றன, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். பழத்தை நாலாக நறுக்கித் தனித்தனித் தட்டில் வையுங்கள், அப்போது கிடைக்கும். 25,000 பழம் வாங்கக் காசில்லாதவர்களுக்கு இது ஒரு வழி.

நறுக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. தகடுகளை அகலமாக்கி, இடைவெளியை மெல்லிய துண்டின் அளவுக்குக் குறைத்தால் அக மின்தடை இறங்கும். பழத்தின் வகை, புளிப்பு, முதிர்ச்சி பற்றியெல்லாம் இங்கே நடக்கும் சண்டையைவிடத் தகட்டின் பரப்பளவும் இடைவெளியும் பத்து மடங்கு முக்கியம்.

பிப்ரவரி 7

உருளைக்கிழங்குக் கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் ஆராய்ச்சியும் இருக்கிறது. 2010இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஹைம் ராபினோவிச் குழுவினர், கிழங்கை எட்டு நிமிடம் வேகவைத்தால் சக்தி பத்து மடங்கு வரை கூடுகிறது என்று காட்டினார்கள். வெந்ததும் கிழங்கின் செல் சுவர்கள் உடைகின்றன, அயனிகள் தடையில்லாமல் நகர்கின்றன, மின்தடை விழுகிறது. வோல்ட்டில் பெரிய மாற்றமில்லை. மாறுவது கரண்ட்தான்.

அவர்கள் நோக்கம் போன் அல்ல என்பதை கவனிக்க வேண்டும். மின்சாரம் எட்டாத இடங்களில் ஒரு எல்இடி விளக்கு எரியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு இது பொருத்தமான விடை. போனுக்கு? 25,000 எலுமிச்சைக்குப் பதில் 2,500 வெந்த உருளைக்கிழங்கு. வேகவைக்கிற அடுப்பின் சக்தியை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டுவிடாதீர்கள்.

பிப்ரவரி 8

கேட்டுவிட்டார்கள். நான் பதில் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 9

இந்த இழையில் எல்லாரும் "எலுமிச்சையின் மின்சாரம்", "உருளைக்கிழங்கின் மின்சாரம்" என்றே எழுதுகிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். அது துத்தநாகத்தின் மின்சாரம். எரிபொருள் துத்தநாகம். அது எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகிக் கரைகிறது. அந்த எலக்ட்ரான் ஒயர் வழியே செம்புக்குப் போகிறது. அங்கே சாற்றிலிருக்கும் ஹைட்ரஜன் அயனி அதை வாங்கிக்கொண்டு வாயுவாகிறது. பழம் இடையில் நின்று அயனிகளுக்கு வழிவிடுகிறது, எலக்ட்ரானை வாங்க அமிலம் கொடுக்கிறது. அவ்வளவுதான். பழத்திலிருக்கும் சர்க்கரை இந்த நாடகத்தில் மேடை ஏறவே இல்லை.

1800இல் முதல் பேட்டரியைச் செய்த வோல்ட்டா லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குத் தன் உலோகத் தகட்டு அடுக்கைப் பற்றிக் கடிதம் எழுதினாரே, அதில் பழமும் இல்லை, கிழங்கும் இல்லை. உப்பு நீரில் நனைத்த துணியும் அட்டையும்தான். எலுமிச்சை என்பது தோலோடு வரும் ஈர அட்டை.

ஒரு கிராம் துத்தநாகம் முழுதும் கரைந்தால் 820 மில்லிஆம்பியர்-மணி. அரை வோல்ட்டில் எடுத்தால் 0.4 வாட்-மணி. ஒரு போன் நிறைய 40 கிராம் துத்தநாகம் கரைய வேண்டும். துத்தநாகம் பூசிய ஆணி போதும் என்பவர்களுக்கு: அந்த ஆணியில் துத்தநாகம் மேல்பூச்சு மட்டுமே. உள்ளே இரும்பு.

இன்னும் ஒன்று. தாதுவிலிருந்து ஒரு கிலோ துத்தநாகத்தை மின்பகுப்பில் பிரித்தெடுக்க 3 கிலோவாட்-மணிக்குக் குறையாமல் மின்சாரம் செலவாகிறது. நம் 40 கிராமுக்கு 120 வாட்-மணி. திரும்பக் கிடைப்பது 15. ஆக இது மின்சாரம் உண்டாக்குவது இல்லை. ஆலையில் யாரோ தகட்டுக்குள் போட்டு வைத்த மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கை எடுப்பது.

பிப்ரவரி 10

"அப்படியானால் பச்சைத் தண்ணீரிலும் வருமா?" வரும், மிகக் குறைவாக. குழாய்த் தண்ணீரில் அயனிகள் கொஞ்சம்தான். உப்புப் போட்டால் கூடும். வினிகர் எலுமிச்சைக்குச் சமமாகவே நிற்கும்.

"மயில்துத்தம் போட்டால்?" நன்றாகவே வரும். 1836இல் ஜான் டேனியல் என்ற ஆங்கில வேதியியலாளர் செய்ததும் அதுதான், செம்பைச் சுற்றி செப்பு சல்பேட், 1.1 வோல்ட், குமிழித் தொல்லை இல்லை. ஆனால் அது சமையலறைப் பொருள் இல்லை, விஷம். குழந்தைகள் கைபடும் இடத்தில் வேண்டாம்.

பிப்ரவரி 12

வெங்காய வீடியோ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2007இல் பரவியது: வெங்காயத்தைத் துளைத்து விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தில் ஊறப்போட்டு, யூஎஸ்பி முனையை அப்படியே வெங்காயத்தில் குத்துவார்கள், பாட்டுக் கேட்கும் கருவி சார்ஜ் ஆவதாகக் காட்டுவார்கள். கரண்ட் போதுமா என்ற கேள்விக்கே போக வேண்டாம். யூஎஸ்பி முனையின் நாலு தொடுபட்டைகளும் ஒரே உலோகப் பூச்சு. இரண்டு வேறு உலோகம் இல்லாத இடத்தில் வோல்ட்டே பிறக்காது. அங்கே எரிபொருள் என்று சொல்ல எதுவுமே இல்லை.

பார்த்தவர்கள் ஏராளம். வெங்காயம் நறுக்காமலே கண்ணீர் வரவழைத்த ஒரே வீடியோ.

பிப்ரவரி 15

சர்க்கரை மேடை ஏறவில்லை என்று எழுதியதிலிருந்து இது மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறினால் என்ன ஆகும்?

ஒரு கிலோகலோரி 1.163 வாட்-மணி. நடுத்தர வாழைப்பழம் ஏறக்குறைய 100 கிலோகலோரி, அதாவது 116 வாட்-மணி. ஏழு போன் நிறைய! எலுமிச்சைகூட 20 கிலோகலோரிக்குப் பக்கத்தில், ஒரு போனுக்கு மேலேயே. அதாவது உணவில் மின்சாரத்துக்கான சக்தி இல்லை என்று யாராவது சொன்னால் தப்பு. ஏராளமாக இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் அந்தப் பூட்டுக்கான சாவி இல்லை.

சாவி நம்மிடமே இருக்கிறது. பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, கையால் சுற்றும் டைனமோவைச் சுற்றுங்கள். தசையின் திறன் 20 முதல் 25 சதவீதம். 116இல் 25 வாட்-மணி கைக்கு வரும். டைனமோவும் சர்க்யூட்டும் பாதியைத் தின்றாலும் 12 மிச்சம். கிட்டத்தட்ட முக்கால் போன். ஒரு வாழைப்பழத்துக்கு முக்கால் போன்! இந்த இழையில் இதுவரை பேசிய எந்தத் தகட்டு ஏற்பாடும் இதன் பக்கத்தில்கூட வராது.

பிப்ரவரி 16

மூன்று ஆட்சேபணை வந்திருக்கிறது. மூன்றும் சரி.

கைப்பிடி டைனமோக்கள் நடைமுறையில் சில வாட்தான் தரும். முக்கால் போனுக்கு நாலைந்து மணி நேரம் சுற்ற வேண்டும், தோள் கழன்றுவிடும். ஆம். சைக்கிள் மிதி போன்ற ஏற்பாடு என்றால் கால் தசை வேலை செய்யும், அரை மணியில் முடியும்.

படுத்துக் கிடந்தாலே உடம்பு 80 வாட் அளவு செலவு செய்கிறது, அந்த வாழைப்பழம் அதற்கே போய்விடும். ஆம். நான் போட்டது சுற்றுவதற்கான கூடுதல் செலவை மட்டும்.

மூன்றாமவர், தன் மகனிடம் இதைச் சொல்ல, அவன் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு டைனமோவைத் தொடவில்லை என்கிறார். இதற்குச் சூத்திரம் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 20

உடம்பின் வழியாகப் போகாமல் சர்க்கரையை நேராக மின்சாரமாக்க முடியுமா என்ற கேள்விக்கு: முடியும், செய்திருக்கிறார்கள். 2007இல் சோனி, குளுக்கோஸை நொதிகளால் சிதைக்கும் ஒரு மின்கலத்தைக் காட்டியது. ஒன்று 50 மில்லிவாட். நாலைச் சேர்த்து வாக்மேன் ஓட்டிக் காட்டினார்கள். நம் எலுமிச்சையோடு ஒப்பிட்டால் ஒரு கலம் 250 பழத்துக்குச் சமம். இங்கே எரிபொருள் உண்மையிலேயே உணவு. நொதிகள் சீக்கிரம் செயலிழப்பதுதான் இந்த வகைக் கலங்களின் பழைய நோய்.

நொதிக்குப் பதில் நுண்ணுயிரையே வேலைக்கு வைக்கலாம். 1911இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட்டிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் மின்சாரம் எடுத்தார். அந்த வழியில் நூறு வருடம் நடந்து, 2013இல் பிரிஸ்டல் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தில் யோவானிஸ் இயரோபோலஸ் குழுவினர் ஒரு மொபைல் போனை சார்ஜ் செய்தார்கள். உணவால் அல்ல, சிறுநீரால்.

அதாவது, சாப்பாட்டிலிருந்து போனுக்கு சார்ஜ் ஏறியிருக்கிறது. நடுவில் மனிதர் ஒருவர் இருந்தார்.

பிப்ரவரி 21

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "சமையலறையில் இதைச் செய்து பார்க்கலாமா" என்று கேட்டவருக்கு: வீட்டில் மற்றவர்களைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 24

தலைகீழாகவும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. உணவிலிருந்து பேட்டரி அல்ல, உண்ணக்கூடிய பேட்டரி. 2023இல் இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாரியோ கைரோனி குழுவினர் செய்தது. ஒரு முனையில் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின். மறுமுனையில் குவர்செடின், வெங்காயத்திலும் இருக்கும் பொருள். நடுவில் கடற்பாசித் தாள், வெளியே தேன்மெழுகு. 0.65 வோல்ட், 48 மைக்ரோஆம்பியர், பன்னிரண்டு நிமிடம். இதை மறுபடி சார்ஜும் செய்யலாம்.

எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டாம். விழுங்கிய பிறகு வயிற்றுக்குள் வேலை செய்யும் உணர்விக்கு இது போதும். அங்கே லித்தியத்தை அனுப்புவது ஆபத்து. எனக்கு வெங்காயம் கடைசியில் நியாயமான முறையில் பேட்டரிக்குள் வந்ததில் ஒரு திருப்தி.

மார்ச் 1

"மான்செஸ்டரில் எலுமிச்சையில் 2,000 வோல்ட்டுக்கு மேல் எடுத்தார்களே, அது பொய்யா?" பொய்யில்லை. 2021இல் 2,923 எலுமிச்சை, 2,307.8 வோல்ட், கின்னஸ் சாதனை. ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியும் பேராசிரியர் சைஃபுல் இஸ்லாமும் செய்தது. வகுத்துப் பாருங்கள், பழத்துக்கு 0.79 வோல்ட். நம் கையில் வரும் அதே எலுமிச்சைதான். வோல்ட்டுக்கு நடத்திய போட்டி அது. அதே வரிசையின் பழ எண்ணிக்கையை என் 0.2 மில்லிவாட்டால் பெருக்கினால் மொத்த சக்தி 0.6 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை எலுமிச்சைக்குப் பிறகும் போன் சோம்பலாகத்தான் ஏறும்.

மார்ச் 2

சமையலறைப் பொருட்களில் எது போனுக்கு மிக அருகில் வருகிறது என்று கேட்டால், என் ஓட்டு உப்புக்கு. அலுமினியத் தாள், அதன் மேல் உப்பு நீரில் நனைத்த காகிதம், அதன் மேல் தூளாக்கிய கிளர்வூட்டிய கரி. கரியில் ஒரு உலோகத் துண்டைத் தொடவைத்து அழுத்திப் பிடியுங்கள். அலுமினியம் எரிபொருள். கரியின் நுண்துளைகளில் இருக்கும் காற்றின் ஆக்ஸிஜன் எலக்ட்ரானை வாங்குகிறது. அமிலத்தின் தயவு தேவையில்லை, குமிழித் தொல்லையும் இல்லை. உள்ளங்கை அளவு ஏற்பாடு சின்ன மோட்டாரைச் சுற்றும், 100 மில்லிஆம்பியர் வரை வரும். அதாவது எலுமிச்சையைவிட நூறு மடங்குக்கு மேல்.

பன்னிரண்டு அடுக்கினால் சுமையோடு 5 வோல்ட் அருகில், அரை வாட். சில போன்கள் இதை ஏற்கும், சில முகத்தைத் திருப்பும். ஏற்றாலும் நிறைய ஒன்றரை நாள் ஆகும், நடுவில் தாளில் ஓட்டை விழும், காகிதம் காயும், வெள்ளைக் களிம்பு படியும், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உணவு என்று சொல்ல இதில் உப்பு மட்டுமே. அலுமினியம் துத்தநாகத்தைவிட ஊதாரி: ஆலையில் கிலோவுக்கு 13 கிலோவாட்-மணிக்கு மேல் குடித்து வந்தது.

மார்ச் 3

கரி அடுப்புக்கரியாக இருந்தால் போதுமா என்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் சோகமாக. மீன் தொட்டி வடிகட்டிக்கு வரும் கரி நல்லது.

மார்ச் 6

சரி, போனை விட்டுவிடுவோம். எதற்குத்தான் பழம் போதும்?

திரவப் படிக (எல்சிடி) எழுத்துக் காட்டும் சின்னக் கடிகாரம். சில மைக்ரோஆம்பியர்தான் கேட்கும். இரண்டு பழம் தாராளம். உருளைக்கிழங்குக் கடிகாரம் என்று பொம்மைப் பெட்டிகளில் விற்பதன் ரகசியம் கிழங்கில் இல்லை, கடிகாரத்தின் சிக்கனத்தில் இருக்கிறது. சாதாரண கால்குலேட்டரும் அப்படியே.

எல்இடி: சிவப்புக்கு 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு 3 அளவு. குழந்தைகளுக்குக் காட்ட சிவப்பு எடுங்கள், நாலு பழம் தொடரில், அறையை இருட்டாக்கி. வெள்ளையை வைத்துக்கொண்டு "எரியவில்லை" என்று இங்கே வருபவர்கள் அதிகம்.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் பழ வரிசையோடு, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டரை இணையுங்கள். 1 ஃபாரட், 2.5 வோல்ட் வரை ஏற்றினால் 3 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். பதினொரு பழ வரிசை 2.2 மில்லிவாட் என்றால் மிகச் சிறந்த நிலையில் அரை மணிக்குள் ஏற வேண்டும். உண்மையில் ஒரு மணிக்கு மேலாகும், கசிவும் உண்டு. அப்புறம் அந்த 3 ஜூல் ஆற்றலை மொத்தமாகச் செலவழிக்கலாம்: சிவப்பு எல்இடியைப் பளிச்சென்று ஒரு நிமிடம், அல்லது வெப்பநிலையை அளந்து ரேடியோவில் ஒருமுறை அனுப்பும் சின்னக் கருவியை இயக்கலாம். சேர்த்துவைத்துச் செலவழித்தால்தான் பழத்திடம் வேலை வாங்க முடியும்.

மார்ச் 9

கடைசியாக வந்த கேள்வி: சோதனை முடிந்ததும் அந்த எலுமிச்சையைப் பிழிந்து குடிக்கலாமா?

கூடாது. துத்தநாகமும் செம்பும் சாற்றில் கரைந்திருக்கும், வாந்தி வரலாம். ஆணியில் வேறு என்ன பூச்சு இருந்தது என்பதும் தெரியாது. கிழங்குக்கும் இதேதான், வெந்திருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். குப்பையில் போடுங்கள், தகடுகளைக் கழுவித் துடைத்து வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும்.